மலையடிவாரத்து ஊருக்கு ஒரு பஸ்: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாட்டில் விற்கும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகிறது. டிவிஎஸ், ஏதர் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. ஓலா ஆலை போச்சம்பள்ளிப் பக்கம், சிம்பிள் எனர்ஜி சூளகிரியில். அதே மாவட்டத்தில், பெட்டமுகிலாளம் மலையின் குக்கிராமம் ஒன்றில் கர்ப்பிணிக்கு வலி எடுத்தால், யார் வீட்டில் பைக் நிற்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தருமபுரியில், பென்னாகரம் வட்டாரத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

தூய்மையான போக்குவரத்து என்றதும் பேச்சு நேராக பேட்டரி கார், சார்ஜிங் ஸ்டேஷன் என்று போய்விடுகிறது. கார் வாங்கக்கூடிய வீட்டுக்குக் கிடைக்கும் மானியத்தில் சித்தேரி மலைக்காரருக்கு என்ன பங்கு? நம் ஊர்களுக்குத் தூய்மையான போக்குவரத்து என்றால் அது முதலில் நேரத்துக்கு வரும் பஸ். 40 பேர் ஒரு பஸ்சில் ஏறினால், அத்தனை பைக்குகளும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சரக்கு வண்டிகளும் அன்றைக்கு ஓடாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் ரோட்டோரத்தில் நிற்பவர்களும் நடப்பவர்களும்தான். ஆகவே முதலில் பஸ் வரட்டும். அது மின்சார பஸ்ஸாக மாறுவது அடுத்த கட்டம். இரண்டையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் ஊரின் குறை எது என்று முதலில் தெளிவாகுங்கள்

"எங்க ஊருக்கு பஸ் வசதி இல்லீங்க" என்று பொதுவாகச் சொன்னால் மனு எந்த மேசையிலும் நிற்காது. குறை நான்கு விதமாக இருக்கலாம். ஒன்று, பஸ் வருவதற்குச் சாலையே இல்லை. இரண்டு, தார்ச்சாலை இருக்கிறது, பஸ் இல்லை. மூன்று, பஸ் வருகிறது, ஆனால் பள்ளி நேரத்துக்கோ வேலை நேரத்துக்கோ வருவதில்லை. அல்லது வருவது புறநகர் பஸ் என்பதால் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு, மெயின் ரோட்டில் பஸ் நிற்கிறது, அங்கிருந்து ஊருக்கு 2, 3 கி.மீ. நடை.

முதலாவதற்குப் போக வேண்டிய இடம் ஊரக வளர்ச்சித் துறையும் வனத்துறையும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போக்குவரத்துக் கழகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும். நான்காவதற்கு ஆட்டோ, சைக்கிள், மினி பஸ் என்று வேறு வழிகள் உண்டு. ஒரே மனுவில் நான்கையும் எழுதினால் நான்கு அலுவலகமும் "இது எங்களுடையது இல்லை" என்று தள்ளிவிடும்.

2. ஒரு வாரம் நோட்டில் கணக்கு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஊர்ச் சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில், பெரும்பாலும் ஒரு புளியமரமோ டீக்கடையோ இருக்கும். அங்கே விடியற்காலை 5 மணியிலிருந்து 9 மணி வரையும், மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரையும் ஒருவர் நோட்டுடன் உட்கார வேண்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருவர் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் போதும். பக்கத்தை ஐந்து கட்டமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள். நடையா, பைக்கா, பிக்கப் வண்டியா, பால் வண்டியா என்று எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தை நாளைத் தவற விடாதீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குக் கூடையுடன் போகிறவர்கள், மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்குகிறவர்கள், இவர்கள் எல்லாம் அன்று ஒருநாள்தான் கணக்கில் வருவார்கள். ரேஷன் போடும் நாளையும் தனியாகக் குறியுங்கள்.

பெங்களூரு, ஓசூர் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்களை மறந்துவிட வேண்டாம். ஞாயிறு மாலையும் திங்கள் விடியலும் அவர்கள் நேரம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண் அங்கிருந்து வீட்டுக்கு எப்படி வருகிறாள் என்பது கம்பெனிக் கணக்கிலும் இருக்காது, அரசுக் கணக்கிலும் இருக்காது. உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

இதோடு வீடு வீடாக ஒரு சின்னக் கணக்கெடுப்பும் வேண்டும். பஸ் இல்லாததால் பள்ளியை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர், மாதாந்திர மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக முடியாத முதியவர்கள் எத்தனை பேர் என்று. இப்போது பயணம் செய்கிறவர்களை மட்டும் எண்ணினால், போகவே முடியாமல் வீட்டில் முடங்கியவர்கள் விட்டுப்போவார்கள். உண்மையான பாதிப்பு அவர்களுக்குத்தான். மாற்றுத்திறனாளிகள் இருந்தால் அவர்கள் எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள்.

3. எந்த வண்டியைக் கேட்பது?

கொஞ்சம் நிதானித்து முடிவெடுங்கள். இங்கே தவறினால் பஸ் வந்தும் ஏழைக்குப் பயன்படாமல் போகும்.

2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டணப் பஸ்களில், பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளுக்கும் அது விரிவானது. மாணவர்களின் இலவசப் பயண அட்டையும் அரசுப் பஸ்சில்தான் செல்லும்.

மினி பஸ் விஷயம் வேறு. 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தை மாற்றி, புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒரு தடம் அதிகபட்சம் 25 கி.மீ. இருக்கலாம். அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். சின்ன ஊர்களுக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் மினி பஸ்சை ஓட்டுவது தனியார். 2025இல் திட்டம் தொடங்கியபோது அதில் பெண்களுக்கு இலவசம் இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் பயண அட்டையும் செல்லவில்லை. இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலையையும் களையெடுப்பையும் நம்பி இருக்கும் வீட்டில், தாயும் இரண்டு பிள்ளைகளும் தினமும் போய் வர ஆகும் டிக்கெட் காசு சின்னத் தொகை அல்ல.

ஆகவே என் யோசனை இதுதான். முதலில் அரசு நகரப் பேருந்து கேளுங்கள். அதிலும் புதுத் தடம் கேட்பதை விட, பக்கத்து ஊர் வரை ஏற்கெனவே வரும் பஸ்சை நீட்டிக்கக் கேளுங்கள். புதுத் தடம் என்றால் புது வண்டி, டிரைவர், கண்டக்டர் எல்லாம் வேண்டும். "வண்டி இல்லை, ஆள் இல்லை" என்று டிப்போ கிளை மேலாளர் சொல்வது பல நேரம் உண்மைதான். 4 கி.மீ. நீட்டிப்புக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் டீசலும் கால் மணி நேரமும். அதை மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்தில், தருமபுரி மண்டலத்துக்குள் வருகின்றன. எந்த டிப்போ வண்டி பக்கத்து ஊருக்கு வருகிறது, தடம் எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கண்டக்டரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வளைவு குறுகல், பெரிய பஸ் திரும்ப முடியாது என்றால் மட்டும் மினி பஸ் கேளுங்கள். அப்போதும் பள்ளி நேரத்தில் வரும் நடையை, அதாவது டிரிப்பை, தட நேர அட்டவணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆள் கூடும் நேரத்துக்கு மட்டும் ஓட்டிவிட்டு மதிய நடையை நிறுத்திவிடும் பழக்கம் உண்டு. அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும் நடைகளை ஓட்டியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

4. சாலையே இல்லாத ஊர்கள்

சித்தேரி மலையின் கலசப்பாடி, அரசநத்தம், பென்னாகரம் பக்கத்து வட்டுவனஹள்ளி ஊராட்சி மலையூர்கள், இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் சாலை கேட்டுப் போராடியவை. "காப்புக்காடு, வனத்துறை விடாது" என்ற ஒரே பதிலில் பல தலைமுறை கழிந்திருக்கிறது.

அந்தப் பதில் முழு உண்மையல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த அது இடம் தருகிறது. நிபந்தனைகள்: ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி தரலாம், டெல்லி வரை போக வேண்டியதில்லை.

1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். ஒரு வழிக் கிராமச் சாலையின் தார்ப்பகுதி வழக்கமாக 3.75 மீட்டர் அகலம். தார்ப்பகுதியை மட்டும் பார்த்தால் சுமார் 2,600 மீட்டர் வரும். இரண்டு பக்க மண்ணோரமும் சேர்த்து 6 மீட்டர் என்றால் 1,600 மீட்டர். அதாவது காட்டுக்குள் போகும் தூரம் ஒன்றரை கி.மீ. அளவில் இருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மேல் போனால் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி வேண்டும், காலம் பிடிக்கும். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலய எல்லைக்குள் உங்கள் பாதை வந்தால் கூடுதல் அனுமதிகளும் உண்டு. அதை முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பரிந்துரைக்கான கிராம சபைக்குப் பாதிக்குக் குறையாத பேர் வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் பட்டியலை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேள்வி வருவது எப்போதும் அங்கேதான்.

பணத்துக்கு எங்கே போவது? இருளர் குடியிருப்பு என்றால் ஒரு முக்கியமான செய்தி. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களை மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்டிருக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில், இவர்கள் 100 பேர் வாழும் குடியிருப்புக்கே சாலை கேட்கலாம். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர் ஊர்களுக்கு இது நேராகப் பொருந்தும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர்தான், ஆனால் இந்த ஆறில் இல்லை. அவர்கள் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், பழங்குடியினர் ஊர்களுக்கான தொல்குடித் திட்டம் ஆகியவற்றின் வழியாகக் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிகளால் பாதிக்கப்பட்ட ஊர் என்றால் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியையும் ஆட்சியரிடம் கேட்கலாம். குவாரி லாரி கிழித்த ரோட்டைச் சரிசெய்ய அதைவிடப் பொருத்தமான பணம் வேறு எது?

5. கிராம சபையும் மனுவும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காத இடைவெளியிலும் தனி அலுவலரின் கீழ் அது கூடும். "தலைவர் இல்லை, தீர்மானம் போட முடியாது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பெரிய ஊராட்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டம் தாய்க்கிராமத்தில் நடக்கும். மலைமேல் குடியிருப்புக்காரர், காலனிக்காரர் அங்கே வந்து சேர்வதற்கே வண்டி இல்லை. அதனால் அவர்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. அன்று ஒரு வண்டி பிடித்தாவது இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தீர்மானத்தை எழுதும்வரை உட்காருங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு நகல் கேட்டு வாங்குங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.

பொருள்: …… ஊராட்சி, …… கிராமத்துக்கு நகரப் பேருந்து நீட்டிப்புக் கோருதல்.

ஐயா, எங்கள் ஊரில் …… குடும்பங்கள் வசிக்கிறோம். …… அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் …… பேர். இதில் மாணவிகள் …… பேர். தினமும் …… கி.மீ. நடக்கிறார்கள். மாலை பள்ளி விட்டு ஊர் வந்து சேர …… மணி ஆகிறது. வழியில் …… கி.மீ. காப்புக்காடு, யானை நடமாட்டம் உண்டு. இப்போது …… வரை வரும் தடம் எண் …… பேருந்தை …… கி.மீ. நீட்டித்தால் போதும். தார்ச்சாலை உள்ளது. பேருந்து திரும்ப …… அருகில் இடம் உள்ளது. காலை …… மணிக்கும் மாலை …… மணிக்கும் வேண்டுகிறோம். ஒரு வாரப் பயணிகள் கணக்கும் கிராம சபைத் தீர்மான நகலும் இணைத்துள்ளோம்.

அவ்வளவுதான். "சுதந்திரம் அடைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும்" என்ற பாராவை எழுத வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பாராவைப் படித்து பஸ் விட்டவர் யாரும் இல்லை. யானை நடமாடும் சாலை, பிள்ளைகள் திரும்பும் நேரம் என்ற இரண்டு வரிகளுக்கு முன்னால் எந்த அதிகாரியும் சும்மா இருக்க முடியாது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதே நகலை டிப்போ கிளை மேலாளருக்கும், போக்குவரத்துக் கழக மண்டலப் பொது மேலாளருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். "இந்த ஊர் மாணவிகள் மாலைச் சிறப்பு வகுப்புக்கு இருக்க முடிவதில்லை" என்று அவர் எழுதும் ஒரு வரிக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு.

6. மனு கொடுத்த பிறகுதான் வேலை

அடுத்து நடக்க வேண்டியது கூட்டு ஆய்வு. மோட்டார் வாகன ஆய்வாளர், போக்குவரத்துக் கழகத்தார், சாலைத் துறையினர் சேர்ந்து வந்து பார்ப்பார்கள். அவர்கள் வரும் முன் நீங்களே ஒருமுறை சாலையில் நடந்து பாருங்கள். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, சாலை மேல் சாய்ந்த கிளை, உடைந்த சிறுபாலம், வளைவில் முளைத்த ஆக்கிரமிப்பு, பஸ் திரும்பும் இடத்தில் நிற்கும் வைக்கோல் போர். இவற்றில் ஒன்றுக்காகவே "இயக்க இயலாது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். கம்பியை உயர்த்த மின்வாரியத்துக்கு முன்பே மனு கொடுங்கள். போரை ஊர்க்காரர்களே பேசி நகர்த்திவிடலாம். பிறகு ஒரு பஸ்சை விட்டுச் சோதனை ஓட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிவு செய்யலாம். அதையும் தாண்டினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் பஸ் விடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: எங்கள் மனு மீது கூட்டு ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது? அறிக்கையின் நகல் தரவும். இந்தத் தடத்தில் கடந்த 6 மாதங்களில் ரத்தான நடைகள் எத்தனை, எந்தத் தேதிகளில்? ஆவணம் கேட்டால் ஆவணம் தர வேண்டும்.

7. வந்த பஸ்சைக் காப்பாற்றுவது

பஸ் வந்த அன்று வாழை மரம் கட்டி, பூசை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போடுவோம். நல்லது. ஆறு மாதம் கழித்து "கலெக்சன் இல்லை, ஆள் ஏறுவதில்லை" என்று அதே பஸ் நின்றுபோவதும் நம் பக்கம் நடக்கிறது.

பெண்கள் ஒவ்வொருவரும் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அது வெறும் காகிதம் என்று விட்டுவிடாதீர்கள். பெண்களின் பயணத்துக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குத் திருப்பித் தருகிறது. எத்தனை பெண்கள் பயணித்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. கூட்ட நேரத்தில் கண்டக்டர் சீட்டு கிழிக்காமல் விட்டால், நிரம்பி வழிந்த பஸ் கணக்கில் காலியாக ஓடியதாகப் பதிவாகும். "அண்ணா, எனக்குச் சீட்டு குடுங்க" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் போதும். ஊரில் எல்லா அக்காக்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இரவு தங்கும் பஸ் கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இரவு கடைசி நடை ஊருக்கு வந்து நின்று, விடியலில் முதல் நடையாகக் கிளம்பும். வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் உயிர்நாடி. ஆனால் டிரைவரும் கண்டக்டரும் படுக்க ஓர் அறை, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், கொசுவலை வேண்டும். பல ஊர்களில் அவர்கள் பஸ் சீட்டிலேயே சுருண்டு படுக்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் நிழற்குடை கேட்கும்போதே அதோடு சேர்த்து ஓர் அறையும் கழிப்பறையும் கேளுங்கள். கண்ணியமாகத் தங்க முடிகிற ஊருக்கு வண்டி தவறாமல் வரும்.

இன்னொன்றும் உண்டு, இது வலிக்கிற விஷயம். காலனிக்கு முன்னாலேயே பஸ்சைத் திருப்பிவிடுவது, அல்லது காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போவது சில இடங்களில் நடக்கிறது. பஸ் எங்கே திரும்ப வேண்டும் என்று பேசும்போதே, கடைசி நிறுத்தம் காலனியிலோ பழங்குடியினர் குடியிருப்பிலோ இருக்கட்டும் என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கடைசி வரை போகும் வண்டி வழியில் எல்லோருக்கும் நிற்கும். நிற்காமல் போனால் தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுதி ஆட்சியரிடமே கொடுங்கள்.

8. மெயின் ரோட்டிலிருந்து கடைசி இரண்டு மூன்று கி.மீ.

சமதளமாக இருந்தால் இங்கே மின்சார ஆட்டோ நன்றாக வேலை செய்யும். கணக்கைப் பாருங்கள். 8 யூனிட் பேட்டரி உள்ள ஆட்டோவுக்கு விற்பவர் 120 கி.மீ. சொல்வார். மேடு, மண்ரோடு, நிறைய ஆள் என்று நீங்கள் 80 கி.மீ. என்றே வையுங்கள். யூனிட் 10 ரூபாய் என்று கணக்கிட்டாலும் கி.மீ.க்கு 1 ரூபாய்தான். டீசல் ஆட்டோ லிட்டருக்கு 30 கி.மீ. கொடுத்தால், இன்றைய டீசல் விலைக்கு கி.மீ.க்குச் சுமார் 3 ரூபாய். அந்த வித்தியாசம்தான் ஓட்டுபவரின் வருமானம்.

பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்க அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசுக் கழகமான தாட்கோவின் அலுவலகத்திலும் வாகனக் கடன் பற்றிக் கேளுங்கள். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து ஓட்டினால், இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்களுக்கு அதைவிடத் துணை வேறில்லை.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தக் கம்பெனிக்குத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வீஸ் சென்டர் இருக்க வேண்டும். பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ. என்று எழுத்தில் வாங்க வேண்டும். மலைப்பாதை என்றால் மூன்று சக்கர வண்டி வேண்டாம். ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் ஆபத்து.

11ஆம் வகுப்பில் தரும் இலவச சைக்கிள் சமதள ஊர்களில் பெரிய உதவி. தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும் என்றால், சைக்கிளோடு சேர்த்து சர்வீஸ் ரோடும் விளக்கும் கேட்க வேண்டும்.

9. மின்சார பஸ்சை எப்போது, எப்படிக் கேட்பது

சென்னை மாநகரில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. நல்ல வண்டி பெருநகரத்துக்கு, அங்கே ஓடித் தேய்ந்த வண்டி மலைக்கு என்ற வழக்கம் இதிலும் தொடரக் கூடாது. அதற்கு இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.

கேட்கும்போது ஊருக்கு ஒரு சார்ஜர் என்று கேட்காதீர்கள். பெரிய பஸ்சின் பேட்டரி நூற்றுக்கணக்கான யூனிட் பிடிக்கும். நம் கிராமத்து டிரான்ஸ்பார்மர் மாலையில் மோட்டார் போட்டாலே மின்னழுத்தம் குறைந்து திணறுகிறது. சார்ஜர் இருக்க வேண்டிய இடம் அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களின் டிப்போ. அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்கு ஓடும் டவுன் பஸ்கள் ஒரு நாளில் எத்தனை கி.மீ. ஓடுகின்றன என்ற கணக்கு டிப்போவில் இருக்கும். குறைவாக ஓடும் தடங்களை முதலில் மாற்றலாம். இரவு ஊரில் தங்கும் பஸ் மட்டும் இப்போதைக்கு டீசலாகவே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுவது போன்ற சட்டத்தின் அளவுகோலுக்குள் வரும் கம்பெனிகள், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மின்சார வண்டி செய்யும் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு, ஆட்சியர் வழியாக, மாணவர்களுக்கு ஒரு மின்சார வேன் கேளுங்கள். வேனை மட்டும் கேட்டால் ஓராண்டில் அது டயர் இல்லாமல் நிற்கும். டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், பராமரிப்பு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அந்த விண்ணப்பத்துக்கும் முதல் இணைப்பு, புளியமரத்தடியில் எழுதிய அந்த ஒரு வாரக் கணக்குதான். ஆகவே அசல் நோட்டை எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.